முன்விளிம்பு

சூசை முதலில் கட்டிய கூண்டின் தரை தட்டையாக இருந்தது. காடைகள் இட்ட முட்டைகளைக் காடைகளே மிதித்து உடைத்தன. "இன்னொரு தடவ உடைஞ்சா எல்லாத்தையும் வித்துட வேண்டியதுதான்" என்று மனைவி பிலோமினா சொல்லிவிட்டாள். அதனால் இரண்டாவது கூண்டின் தரைக் கம்பி வலையை முன்பக்கம் சரிவாகக் கட்டினான். முட்டை விழுந்தவுடன், மிதிபடாமல், தானாக வெளியே உருண்டு வந்துவிடும். காடைகளை உள்ளே விட்டு, கடைசிக் கம்பியையும் முறுக்கிவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

பிலோமினா கூண்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"சரிங்க, வெளிய வர்ற முட்டை எங்க நிக்கும்?"

வலையின் முன்விளிம்பை மேல்நோக்கி மடக்க அவன் மறந்திருந்தான். கூண்டு இடுப்பு உயரக் கால்களில் நின்றது. கீழே சிமெண்டுத் தரை. கம்பி மடக்கும் பிளேயரை அவன் தேடுவதற்குள் ஒரு காடை கால்களை அகட்டி நின்றது.

முட்டை உருண்டது. பிலோமினா முந்தானையை விரித்துக்கொண்டு பாய்ந்தாள். புள்ளி புள்ளியாக, இளஞ்சூடாக, அது உடையாமல் வந்து விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கூண்டே ஒருமுறை படபடத்தது.

"தள்ளு, மடக்கி விட்டுடறேன்" என்று சூசை பிளேயரோடு வந்தான்.

"அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். அந்த ஓரத்துல ஒண்ணு கால அகட்டி நிக்குது பாருங்க, ஓடுங்க!"

பிளேயரைப் போட்டுவிட்டு, கைலியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அவன் ஓடினான். காடைகள் முட்டையிடுவது சாயங்காலத்தில்தான். வெயில் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது.