கையால் அள்ளிய மீன்

இலையில் மீன் விழுந்ததும் ஜேக்கப்புக்குப் பல் வலிக்க ஆரம்பித்தது.

வாழைக்காய் வறுவலை மென்றபோது அப்படி எந்த வலியும் இல்லை.

மகள் ஜாஸ்மின் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி கேட்டு, ஜேக்கப்பும் மனைவி இன்னாசியம்மாளும் ஆப்பிளும் மைசூர்பாக்குமாகச் சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்களுக்குத்தான் முதல் பந்தி. அந்த வீட்டில் அது எழுதாத சட்டம்.

“ஓடை மீனுங்க சம்பந்தி. வலையே வேண்டியதில்லையாம், கையாலயே அள்ளிக்கிட்டு வந்தாங்க. நல்லா சாப்புடுங்க” என்றார் சம்பந்தி அருள்நாதன்.

கையால் அள்ளும் அளவுக்கு மீன்கள் ஏன் அத்தனை பணிவாக மேலே வந்து வாயைப் பிளந்தன என்று அவர் சொல்லவில்லை. ஜேக்கப்பும் கேட்கவில்லை.

முந்தாநாள்தான் தன் தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, டேங்கை அதே ஓடையின் மேல்பக்கத்தில் அலசி ஊற்றியிருந்தார். சுத்தம் என்று வந்துவிட்டால் ஜேக்கப் ரொம்பக் கறார். மிச்ச மருந்தைத் தன் கிணற்றுப் பக்கம் ஒருநாளும் கொட்டமாட்டார்.

அவ்வளவு பெரிய ஓடையை ஒரு டேங்க் மருந்து என்ன செய்துவிடும்? ஓடை பெரிதாக இருந்தது மழைக்காலத்தில். இந்த வெயிலில் கணுக்கால் மட்டம்தான் தண்ணீர். அதிலும் பாதியைக் கரையோர மோட்டார்கள் குடித்துவிட்டிருந்தன.

பல்வலியைச் சொல்லி மீனை இலை ஓரத்துக்கு ஒதுக்கியபோதுதான் கவனித்தார். அருள்நாதன் இலையில் மீனே இல்லை.

யூரிக் ஆசிட் தொல்லையாம். டாக்டர் மீனைத் தொடக்கூடாது என்றுவிட்டாராம். அவருடைய ஜவ்வரிசி ஆலையான சேகோ மில்லின் கழிவு ராத்திரியில் எந்தப் பக்கம் போகிறது என்று டாக்டருக்குத் தெரிந்திருக்காது. கரையில் மூக்கோடு வாழும் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த இலையில், இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்த சவுரியப்பன். கோழிக்கடைக்காரர். கடைக் கழிவை மூட்டை கட்டிப் பாலத்திலிருந்து ஓடைக்குள் வீசுகிறவர். அவருக்கு இன்று அந்தோணியார் விரதமாம். செவ்வாய்க்கிழமை அல்லவா? போன செவ்வாய் பொம்மிடியில் மட்டன் பிரியாணி சாப்பிட்டபோது அந்தோணியார் ஊரில் இல்லை போலிருக்கிறது.

மூன்று பெரிய மனிதர்களும் பக்தியோடு ரசம் சாப்பிட்டார்கள். ‘ஒரு துண்டு போட்டுக்குங்க’ என்று யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. சம்பந்தி வீட்டு விருந்தில் இப்படி ஒரு அதிசயம் நடந்ததே இல்லை.

தான் ஊற்றியது மட்டும் என்றால் மீன் தாங்கியிருக்கும். இலையில் மீன் விழுந்ததிலிருந்து ஜேக்கப் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மற்ற இருவரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று இப்போது புரிந்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மருந்து விற்றவன் சொல்லியிருக்கவில்லை.

நல்லவேளை, பெண்கள் இன்னும் சாப்பிட உட்காரவில்லை. கை கழுவுகிற சாக்கில் போய் இன்னாசியம்மாள் காதில் போட்டுவிடலாம். உண்மையெல்லாம் வேண்டாம், மீன் கெட்டுப்போய்விட்டது என்றால் போதும். மகளும் தப்பிப்பாள், டேங்க் விஷயமும் வெளியே வராது. இலையை மடித்துவிட்டு வேகமாக எழுந்தார்.

கொல்லைக் குழாயடியில் சம்பந்தியம்மாள் சிரித்த முகத்தோடு தண்ணீர் ஊற்றினாள்.

“புள்ளத்தாச்சிய காக்க வெக்கலாங்களா? உங்களுக்கு முன்னாடியே ஜாஸ்மினுக்குப் போட்டுட்டனுங்க. மசக்கையில பச்சத் தண்ணி கூட தங்காம கெடந்தவ, இன்னிக்கு மீனை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்புட்டா.”

“எத்தனை துண்டு?” என்றார் ஜேக்கப்.

அதே நொடியில், கை கழுவ வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற அருள்நாதனும் அதையேதான் கேட்டார்.