திராவகம் பட்ட இரும்பு

காப்பார் ரப்பர் தோட்டத்துக் கால்வாயில் கன்னையா தோண்டியெடுத்த இரும்புக்கட்டி வெயிலில் கிடக்கிறது. வானத்திலிருந்து விழுந்தது என்று அவன் சொன்ன நாளிலிருந்து தோட்டமே அவனைப் பொய்யன் என்கிறது. இப்படிப்பட்ட இரும்பைத் தேடிச் சேர்க்கும் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வல்லிபுரம், நேற்று அரத்தால் அராவி வழவழப்பாக்கிய அதன் ஒரு பக்கத்தில் தட்டானின் திராவகத்தைத் தடவுகிறார். "வானத்து இரும்பெண்டால் கோடு தெரியும்." ஒன்றும் தெரியவில்லை. "தண்டவாளத் துண்டுடா! வானமாம் வானம்!" என்று கங்காணி சிரிக்கிறார். கன்னையாவின் மனைவி இராஜம்மா நாக்கைக் கடிக்கிறாள். "ஐயா, சாமின்னு நெனச்சு காலையில நல்லெண்ணெ பூசிட்டேங்க." சாம்பலை அள்ளி எண்ணெய் போக அழுத்தித் தேய்க்கிறாள். மறுபடியும் திராவகம் விழுகிறது. பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளிக் கோடுகள் மெல்ல எழுகின்றன. "கன்னையா, நீர் சொன்னது மெய்" என்கிறார் வல்லிபுரம். கங்காணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வருகிறார்.