கையெழுத்துப் போட ஆள் இல்லை

"ஏரோப்பிளேன்ல அனுப்ப மாட்டீங்கதானே, கண்ணு? எங்க வீட்டுக்காரருக்கு அது ஆகாது."

"தோட்டாவை நாங்க ஏரோப்பிளேன்ல ஏத்தறதில்ல மேடம். லாரிதான்."

"நல்லது. தரையிலயே வரட்டும்."

தோட்டாவுக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று போனை எடுத்த டெஸ்ஸா கேட்கவில்லை. எதிரே தாள் ஒட்டியிருந்தது. இணையத்தில் ரைபிள் தோட்டா வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள், அவற்றுக்குப் பதில்கள். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஓர் அழைப்புக்கு நான்கு நிமிடம். தாண்டினால் மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. வடக்கு டகோட்டா மாநிலம் முழுக்க அது இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததுபோல் காலையிலிருந்து மணி ஓயவில்லை.

திரையில் பெயரைத் தேடினாள். ஆர்டிஸ் டாலஃப்சன். ஒரு பெட்டி, இருபது தோட்டா.

"மேடம், உங்க பெட்டி மூணு தடவை வீட்டுக்கு வந்திருக்கு. கையெழுத்துப் போட ஆள் இல்லைன்னு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"வீட்டுலதான் இருந்தேன். எனக்குக் காது மந்தம், போனைக் காதோட ஒட்டி வச்சாத்தான் கேக்கும். கதவைத் திறக்கறதெல்லாம் ஆர்லோதான். என் வீட்டுக்காரர்."

"அவர் எங்க?"

"அவரு இன்னும் வந்து சேரலை."

டெஸ்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது கேளாத பொம்பளையைத் தனியே விட்டுவிட்டு எந்த மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறானோ. அவள் அப்பாவும் இதே ரகம்தான். சுடுவது அவர், தோலுரித்துக் கறி வெட்டி அடுக்குவது அம்மா.

"வேட்டைக்குப் போறது அவரு, போனைப் பிடிச்சுட்டு நிக்கறது நீங்களா? வந்ததும் அவரையே பேசச் சொல்லுங்க."

மறுமுனையில் சின்னதாக ஒரு சிரிப்பு. "நாப்பத்தாறு வருஷமா அப்படித்தான் கண்ணு. இந்தத் தடவை நானும் அவரோட குன்றுக்குப் போறேன். துப்பாக்கியத் தொட்டதுகூட இல்ல நான். கொழுந்தனார் சொல்லித் தர்றேன்னிருக்காரு."

"அப்ப ஊர்க் கடையிலயே ஒரு பெட்டி வாங்கிக்கங்களேன். எந்தக் கடைத் தோட்டான்னு மான் கேக்கவா போகுது?"

"அதே பெட்டிதான் வேணும். இப்ப எங்க இருக்கு?"

"கிடங்குக்குத் திரும்பி வந்தாச்சு. வெளிய போயிட்டு வந்த தோட்டாவ மறுபடி விக்கக் கூடாது. சாயங்காலம் அழிச்சிடுவாங்க. கவலைப்படாதீங்க, அதே மாதிரி புதுசு அனுப்பறேன்."

"வேணாம்." குரல் உடைந்தது. "அழிக்க வேணாம்னு சொல்லு. அதே மாதிரி இன்னொண்ணு கிடையாது."

"எல்லாம் ஒரே ஈயம், ஒரே வெடிமருந்துதான் மேடம்."

நான்கு நிமிடம் முடியப்போகிறது. தாளில் இல்லாத கேள்விக்கு இணைப்பைத் துண்டித்துவிடலாம். டெஸ்ஸா துண்டிக்கவில்லை. மாற்றுப் பெட்டி போடுவதற்காக அந்த ஆர்டரை முழுதாகத் திறந்தாள். அடியில், 'தனித் தயாரிப்பு' என்ற தலைப்பின் கீழ், ஒருநாளும் அவள் படித்துப் பார்த்திராத இடத்தில் ஒரு வரி இருந்தது.

மேலாளர் பின்னால் வந்து நின்றான். "டெஸ்ஸா, நேரமாச்சு."

"ஆகட்டும்," என்றாள், திரும்பாமல். இன்னொரு போனில் கிடங்கைக் கூப்பிட்டாள். "டாலஃப்சன் பெட்டி. அதை யாரும் தொடக் கூடாது. இருக்கான்னு இப்பவே போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மேலாளர் குனிந்து திரையைப் படித்தான். தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

கிடங்கிலிருந்து பதில் வர ஒரு யுகமானது.

"இருக்காரு மேடம்," என்றாள் டெஸ்ஸா. "வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாரு."

திரையில் அந்த வரி அப்படியே இருந்தது: வாடிக்கையாளர் அனுப்பிய தகனச் சாம்பல் இருபது தோட்டாக்களில் நிரப்பப்பட்டது. பெயர், ஆர்லோ டாலஃப்சன்.

"மூணு தடவை வாசல் வரைக்கும் வந்திருக்காரு," என்றாள் ஆர்டிஸ். "எனக்குத்தான் மணி கேக்கல."