அழுகைத் தேர்வு

நாடகக் கல்லூரியில் மேடையேறி நிஜக் கண்ணீர் விடாவிட்டால் தேர்வில் சைபர்தான். செத்துப்போன சொந்தம் யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நம் மாடிவீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஒற்றைப் பிள்ளை, உறவெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தது. அதனால் ஆற்றில் மூழ்கிப்போன ஓர் அண்ணனை அவளாகவே உண்டாக்கிக்கொண்டு, "வந்துடுண்ணா!" என்று தினமும் ஒத்திகையில் கதறினாள். தேர்வன்று வாத்தியாரே மூக்கைச் சிந்தினாராம். முதலிடம்!

சொல்ல வீட்டுக்கு ஓடிவந்தாள். வாசலிலிருந்து உள்ளறை வரை ஈரக் காலடிகள். அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாடி, வழுக்கும். உங்கண்ணன் தலையத் துவட்ட மாட்டேங்கிறான்."

"எனக்கு ஏதும்மா அண்ணன்?"

"வீட்டுலயும் நடிப்பா? நீதான் தினமும் கூப்பிட்டியாமே!"

உள்ளறையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் எழுந்து, வாசலை நோக்கி நடந்து வந்தது.