புஸ்ஸுங்கிறவன்

“ஆம்பளையா இருந்தா வாயத் தொறந்து பேசுடா! உனக்கின்னா வாய் இல்லையா?”

கோதண்டராமன் செல்போனை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினார். வேங்கிக்கால் புது நகர் மூன்றாவது தெருவின் வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் அட்மின். லாரி ஓட்டிச் சேர்த்து அந்தத் தெருவில் முதல் வீடு கட்டியவர். அதனால் அந்தப் பதவியும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டவர்.

எதிராளி யாரென்றே தெரியவில்லை. போன மாதம் யாரோ குழுவில் சேர்த்துவிட்ட நம்பர் அது. பேரும் கிடையாது, போட்டோவும் கிடையாது. வேளை கெட்ட வேளையில் ஒரு குரல் பதிவு மட்டும் வரும். தொட்டால் பேச்சே இருக்காது. ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல், பின்னாலேயே கடகடவென்று சிரிப்பு மாதிரி ஒன்று. அவ்வளவுதான்.

இவரும் திட்டிப் பார்த்துவிட்டார். அப்பனை இழுத்தார், ஆத்தாளை இழுத்தார். அவன் மசியவில்லை. மறுநாளும் ‘புஸ்ஸ்ஸ்’.

அந்தச் சத்தம் வந்தாலே அவர் மனைவி கன்னியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். தான் வசவு பேசப்போவது தெரிந்து காதைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்று நடந்ததுதான் பொறுக்கவில்லை. மகள் கவிநிலாவுக்கு நாளைக்கு வளைகாப்பு. அவளைக் கூட்டி வரக் கன்னியம்மாள் கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். “தெருவுல இருக்கிற எல்லாரும் குடும்பத்தோட வந்து சாப்பிடணும்” என்று இவர் குரல் பதிவு போட்டு வாயை மூடவில்லை, அடுத்ததாக வந்து விழுந்தது ‘புஸ்ஸ்ஸ்’.

“என் பொண்ணு விசேஷம் உனக்கு நக்கலா? இன்னியோட நீ காலிடா!” நம்பரை அழுத்திப் பிடித்துக் குழுவை விட்டுத் தூக்கினார்.

உடனே எதிர்வீட்டு ஜீனத்தின் குரல் வந்தது. “பெரியவரே, அவர ஏன் எடுத்தீங்க? பாவங்க அவரு, அவரு யாருன்னா...”

மேலே கேட்க அவருக்குப் பொறுமையில்லை. “வக்காலத்து வாங்க வந்துட்டியா? நீயும் போ!” அவளையும் தூக்கினார்.

அதன் பிறகு ஆளாளுக்கு எழுதிப் போட ஆரம்பித்தார்கள். கோதண்டராமனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். படித்துத்தான் ஆகணுமா? எல்லாம் கூட்டுக் களவாணிகள், எழுதினால் வசவைத் தவிர வேறென்ன எழுதப்போகிறார்கள்! மருமகன் சொல்லிக்கொடுத்திருந்தபடி குழுவுக்கே பூட்டுப் போட்டார். இனி அட்மின் மட்டும்தான் பேசலாம்.

போன் கப்பென்று அடங்கியது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் காலையில் கன்னியம்மாள் மகளோடு வந்து இறங்கினாள். இறங்கிய வேகத்தில் சமையலறைக் குழாயைத் திருகினாள். சொட்டு வரவில்லை.

“யோவ், தொட்டி காலியா கெடக்குது. தெனமும் தண்ணி உடுறாங்களே, நீ புடிக்கலையா?”

“வந்தாத்தானே புடிக்கறதுக்கு!”

வாசலில் சத்தம் கேட்டது. தெருவே காலிக் குடங்களோடு நின்றது. முன்னால் நின்ற மக்பூல், ஜீனத்தின் வீட்டுக்காரர், குடத்தைத் தரையில் டங்கென்று வைத்தார்.

“இன்னா பெரியவரே, ஒரு வீட்லயும் தண்ணி இல்ல. இப்ப குளுகுளுன்னு இருக்குதா உங்களுக்கு?”

“எங்கிட்ட ஏன்யா எகிர்றீங்க? வால்வு தொறக்கறவன் சட்டையப் புடிங்க!”

“நீங்களே வந்து புடிங்க. ரெண்டாவது தெருவுக்குத் தொறந்துகிட்டு இருக்கான்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோதண்டராமன் நடந்தார். சமையல்காரர் அண்டாவோடு காத்திருக்கிறார், மதியத்துக்குள் இலை போட்டாக வேண்டும். நெஞ்சு கொதித்தது. தெருவும் பின்னாலேயே வந்தது.

தெருமுனைக் குழிக்குள் நின்று இரும்புச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான், போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த அருணகிரி. இவரைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“ஏன்டா, அவங்க தெருவுக்கு உடற, எங்க தெருவுக்கு மட்டும் ஏன்டா உடல? எவன் சொல்லிக் குடுத்தான்?”

அருணகிரி மூன்றாவது தெருப் பக்கம் கையைக் காட்டினான். சாவியைத் திருகுவது போலக் காட்டினான். கிழக்கே, வெளுக்காத வானத்தைக் காட்டுவது போலக் கையை மூடித் திறந்தான்.

“இன்னாடா கூத்து காட்டற? வெடிகாலையிலயே உட்டுட்டியா? உட்டா சொல்ல மாட்டியா? தெருவே தூங்கிட்டு இருக்கும்போது உட்டா எவனுக்குடா தெரியும்?”

அருணகிரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். குனிந்து, குழிக்குள் கசியும் குழாய் வாயருகே அதைப் பிடித்துக்கொண்டு சாவியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினான்.

முதலில் காற்று வந்தது. புஸ்ஸ்ஸ். பின்னாலேயே கடகடவென்று தண்ணீர்.

போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் மூன்றாவது தெருக் குழு இருந்தது; இனி அவனால் அதில் எதையும் அனுப்ப முடியாது என்று அடியில் எழுதியிருந்தது.

மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து தொங்கியது. அப்போதும் கோதண்டராமன் விடவில்லை.

“இத... இத அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?”

காலிக் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஜீனத் சொன்னாள்:

“அவருக்கு வாய் பேச வராதுங்க. காது மட்டும் நல்லா கேக்கும்.”