ஏழாம் எண் பாட்டில்

"எவன் அவன்? பேரைச் சொல்லும்மா!" அன்செல்ம் மேசையில் ஓங்கிக் குத்தினார்.

ஒயின் சங்கச் செயலாளர் பெர்த்தீல் அசையவில்லை. பிரான்சின் பர்கண்டியில் பாட்டிலில் ஊர்ப்பெயர் போட வேண்டுமானால், அந்த ஊர் விவசாயிகள் ஐந்து பேர், யாருடையது என்று தெரியாமல் ருசித்துப் பார்த்து, அவர்களில் மூன்று பேராவது சம்மதிக்க வேண்டும்.

"முப்பது வருஷமா இந்த மண்ணுல பாடுபடறேன். என் ஒயினுக்கு ஊர்ப்பேர் கிடையாதாம்! பக்கத்துத் தோட்டத்து ரெமியோட சாக்கடைத் தண்ணிக்கு மட்டும் உண்டாக்கும்?"

"ரெண்டு பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. அஞ்சாவது ஆள்தான் கவுத்துட்டார்."

"அவனுக்கு இருக்கறது நாக்கா, செருப்புத் தோலா? காட்டு அந்தத் தாளை!"

பெர்த்தீல் நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார்: "ஏழாம் எண். வெறும் வினிகர். இதற்குப் பெயர் கொடுத்தால் ஊருக்கே..."

குரல் நின்றது. கையெழுத்து அவருடையது. செவ்வாய்க்கிழமை ருசி பார்த்த ஐவரில் அவரும் ஒருவர்.

"வாயில வச்சாவது பாத்தீங்களா?" என்றாள் பெர்த்தீல்.

"பாட்டில் குடுக்க வரிசையில ஏழாவதா நின்னது ரெமிதானே..."

"நீங்க எண்ணிக்கிட்டு நின்னதை நானும் பாத்தேன். அதனாலதான் நம்பரையெல்லாம் கலைச்சு ஒட்டினேன்."