ஒரு கையால் கிண்டும் சூப்

கையை மேசைமேல் சரியாக வைக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன்.

புத்தக அட்டையில் இருக்கும் அதே முகம். என் சமையலறை அலமாரியில் ஒன்பது வருஷமாக எண்ணெய்ப் பிசுக்கோடு சிரித்துக்கொண்டிருக்கும் முகம்.

எக்ஸ்ரே அறையில் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது, அதுவும் மணிக்கட்டு வீங்கி வந்தவரை. இல்லாவிட்டால் பிடித்திருப்பேன்.

அவருடைய ஐந்து சமையல் புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நான் கிண்டுவேன். வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பார். சிரித்த சிரிப்பில் எத்தனை பாத்திரத்தை அடிபிடிக்க விட்டிருக்கிறோம் என்று கணக்கே இல்லை. கேக் பக்கத்தைத் திறந்தால் இன்றைக்கும் மாவு கொட்டும்.

ஒவ்வொரு சமையல் குறிப்பின் கடைசியிலும் அவர் கணவரின் தீர்ப்பு வரும். புத்தகத்தில் அந்த மனிதருக்குப் பெயர் 'தலைமை நீதிபதி'. "உப்பு இரண்டு கல் அதிகம். குற்றவாளிக்கு மேல்முறையீடு கிடையாது." எங்கள் வீட்டில் குழம்பு கரித்தால் இந்த வரிதான்.

தலைமை நீதிபதி இப்போது வெளியே, காத்திருப்பவர்களின் பெஞ்சில் இருந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பவர் ஆயிற்றே, அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்கும் சத்தம் கதவைத் தாண்டி உள்ளே வந்தது.

"எழுதுற கைம்மா. பாத்து எடுங்க," என்றார் அந்த எழுத்தாளர் அம்மா. ஆறாவது புத்தகம் பாதியில் நிற்கிறதாம்.

எப்படி அடிபட்டது என்று படிவத்தில் நான்தான் நிரப்ப வேண்டும். கேட்டேன்.

"மிக்ஸி மூடி பறந்து வந்து அடிச்சிருச்சுன்னு போட்டுக்கோங்க. போகட்டும், புது அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு கெடைச்சுது."

விழுந்து விழுந்து சிரித்தேன். படித்த சிரிப்பை நேரில் கேட்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? எழுதவும் செய்தேன்: மிக்ஸி மூடி.

கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன். படம் திரையில் வந்தது.

மணிக்கட்டில் புது விரிசல். அது எதிர்பார்த்ததுதான்.

அதற்கு மேலே, முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பில் ஒரு தடிப்பு. உடைந்து கூடிய இடம் அப்படித்தான் இருக்கும், கிளை வெட்டிய மரம் போல. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று, அதைவிடப் பழையது. சுண்டுவிரல் கோணலாகக் கூடியிருந்தது.

பதினாலு வருஷமாக எலும்பைத்தான் பார்க்கிறேன். தடுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். சுண்டுவிரல் பக்க எலும்பு மட்டும் நடுவில் உடைய வேண்டுமென்றால், முகத்தில் விழ வருவதைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்க வேண்டும்.

அதுவும் இரண்டு தடவை.

இரண்டாவது புத்தகத்தில் ஒரு சூப் உண்டு. "இதை ஒரு கையால் கிண்டவும். மறு கையில் மாவுக்கட்டு இருந்தால் நல்லது, சூடான பாத்திரத்தைப் பிடிக்கத் துணி தேடி அலைய வேண்டாம்." அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

நான்காவது புத்தகத்தில் ரொட்டி. மாவை இடது கையாலேயே பிசைவது எப்படி என்று நாலு பக்கம். படிக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஒன்பது வருஷமாக எதைப் படித்துச் சிரித்தேன் நான்?

அம்மா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும் கேட்டார்:

"என்னம்மா, சிரிப்பு நின்னுருச்சு?"

பேயறைந்த மாதிரி நின்றிருப்பேன் போல. இத்தனை வருஷத்தில் சிரிக்காத முதல் வாசகி நான்தானோ என்னவோ, அவர் முகத்தில் இருந்த அட்டைப்படச் சிரிப்பு மெல்லக் கழன்றது.

டாக்டரிடம் சொல்லலாம் என்று கதவை ஒரு விரற்கடை திறந்தேன். டாக்டர் தலைமை நீதிபதியின் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். மூடிவிட்டேன்.

"இந்த ரூமுக்கு வேற வாசல் இருக்கா?" என்றார் அம்மா, உதடு மட்டும் அசைய.

இருந்தது. துணி மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு போகும் பின்வாசல். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷ நடை.

அட்டையை வைத்து மணிக்கட்டைக் கட்டினேன், துணியால் கையைக் கழுத்தோடு சேர்த்து முடிந்தேன். படிவத்தில் மிக்ஸி மூடியை அடித்துவிட்டு, படத்தில் இருந்ததை எழுதி, ஒரு பிரதியை அவர் பையில் வைத்தேன். அவருடைய அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்; அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதைக் காட்டச் சொன்னேன். வலியில் அவர் பல்லைக் கடித்தாரே தவிரச் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் இருக்கப் பழகியவர்.

அவர் போனதும் பின்கதவைத் தாழிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்கதவு வழியாக வெளியே வந்தேன்.

தலைமை நீதிபதி எழுந்து நின்றார். முடிந்ததா என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

"இன்னொரு படம் எடுக்கணும் சார், உக்காருங்க. நீங்க கேக்குக்குத் தீர்ப்பு சொன்ன கதையை உங்க வாயாலேயே ஒரு தடவை கேக்கணும்."

அவர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

நான் சிரித்தேன். கதவு பக்கம் அவர் பார்வை திரும்பும்போதெல்லாம் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.